மிருது என்றால் சுலபம் அன்று

ஓசூர் சிப்காட் வளாகத்து டீக்கடைகளிலும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் செல்லும் பேருந்துகளிலும், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளிலும் ஒரே அபிப்பிராயத்தை நான் ஓயாமல் கேட்டுவருகிறேன்: அலுமினியம் மிருதுவான உலோகம், ஆகவே எந்தத் துண்டு கிடைத்தாலும் வீட்டுச் சி.என்.சி. இயந்திரத்தில் வெண்ணெய் போல அறுபடும். இதை நம்பி, காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பாத்திரத் தகட்டைத் தன் சிறு இயந்திரத்தில் பூட்டிய இளைஞர் ஒருவர், ஒரே மாலையில் மூன்று கட்டர்களை முறித்துவிட்டு, இயந்திரம் மட்டம் என்று என்னிடம் வந்து முறையிட்டார். இயந்திரத்தின்மேல் குற்றமில்லை, அந்தத் தகட்டைத் தேர்ந்தெடுத்த நம்பிக்கையின்மேல்தான் குற்றம்.

வெண்ணெய் என்று உவமை சொல்கிறவர்கள், வெண்ணெய் கத்தியில் அப்பிக்கொள்வதை ஏன் மறந்துவிடுகிறார்கள்? ஏறக்குறையச் சுத்தமான அலுமினியம் செய்வதும் அதுவே. அது சீவலாகத் தெறித்து விழாமல் இழுபட்டு, உராய்வின் உஷ்ணத்தில் கட்டரின் விளிம்பில் ஒட்டி, பற்களுக்கிடையே உள்ள பள்ளத்தை அடைத்துவிடுகிறது. பள்ளம் அடைபட்ட கட்டர் வெட்டுவதில்லை. முட்டித் தள்ளுகிறது, பிறகு முறிகிறது. மாறாக, மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு சேர்த்து, சுமார் 530 டிகிரியில் காய்ச்சி, நீரில் குளிர்வித்து, பிறகு 170 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் பதப்படுத்திய 6061-டி6 என்னும் ரகம், பதப்படுத்தாத சுத்த அலுமினியத்தைப்போல் நான்கு மடங்கு கடினமுடையதாயிருந்தும், அதைவிட எவ்வளவோ சுத்தமாக அறுபடுகிறது. நம் கடைகளில் எச்.இ.30 என்று கேட்டால் கிடைக்கும் 6082-ம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இன்னும் சந்தேகமுள்ளவர்கள் செம்பைப் பார்க்கட்டும். ஈயம் கலந்த பித்தளையின் அறுபடும் தன்மைக்கு 100 மதிப்பெண் வைத்தால், சுத்தச் செம்புக்குக் கிடைப்பது 20. இரண்டில் மிருதுவானது எது? செம்புதான். கைக்கடிகாரத்தின் உள்தகடுகளுக்கு உலகம் நெடுங்காலமாகப் பித்தளையை நாடியதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். டைட்டன் கடிகார ஆலை 1980-களிலிருந்து நடந்துவரும் ஊரில் இதை நான் எழுதிப் புரியவைக்க நேர்வது வருத்தமாகவே இருக்கிறது.

இந்த வதந்திக்கு ஒரு தம்பி உண்டு: மெள்ள ஓட்டினால் எதுவும் அறுபடும் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் இரண்டு பல் கட்டரை நிமிஷத்துக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், ஒவ்வொரு பல்லுக்கும் கிடைப்பது 0.003 மில்லிமீட்டர், அந்த அளவுக்குப் பல் உலோகத்தைக் கடிப்பதே இல்லை, தேய்த்துச் சூடேற்றுகிறது. ஒற்றைப் பல் கட்டரைப் போட்டு, 200 மில்லிமீட்டர் வேகம் கொடுத்தால் 0.02 ஆகிறது. ஆழத்தை 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, சீவலை ஊதி வெளியேற்றினால், 3018 போன்ற எளிய இயந்திரம்கூட நல்ல ரக அலுமினியத்தை மரியாதையாக அறுத்துக் கொடுக்கும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மை தேவையில்லை. அக்ரிலிக் எல்லாம் ஒன்றே என்பது தவறு: அச்சில் வார்த்த தகடு சுத்தமாக அறுபடும், பிதுக்கி இழுத்த தகடு உருகிக் கட்டரில் சுற்றும். எம்.டி.எஃப். பலகை சாதுவானது என்பதும் தவறு. அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, மரத்தூளையோ சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. கிருஷ்ணகிரித் தோப்பில் நேற்று வெட்டிய மாமரம் இன்று பலகையாகாது. ஈரம் வற்றாத மரம், அறுத்த மறுவாரமே முறுக்கிக்கொள்ளும்.

ஆனால் கிரானைட்டைப் பற்றி மட்டும் கண்டித்தே சொல்ல வேண்டும். நம் ஜில்லாக் கல் கண்ணுக்கு அழகானதுதான். வைர முனை ஒன்றைப் பூட்டி, வீட்டுக்குள் உலர்வாகவே பெயர்ப்பலகை செதுக்கலாம் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து அவரை நம்பாதீர்கள். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வரும். தண்ணீர் பாய்ச்சி அறுக்க வசதியில்லாதவர் கல்லைத் தொடவே கூடாது.

கடைசியாக, நான் பல வருஷங்களாக மன்றாடிவரும் ஒரு விஷயம். ஆலையிலிருந்து வரும் தகட்டில் ரக எண் அச்சாகியிருக்கிறது. கடையில் துண்டு போடும்போது அந்த எழுத்து ஒரு துண்டோடு போய்விட, மற்றவை எல்லாம் பெயரற்ற வெறும் அலுமினியமாகிவிடுகின்றன. துண்டு போடுகிற கையே ஒவ்வொன்றின் ஓரத்திலும் மார்க்கரால் ரகத்தை எழுத எத்தனை விநாடி பிடிக்கும்? கடைக்காரர் எழுதும் வரையில் வாங்குகிறவர் கேட்க வேண்டும். ரகம் தெரியாது என்று பதில் வந்தால், கால் விலைக்குக் கொடுத்தாலும் அந்தத் துண்டை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டும். முறிந்த மூன்று கட்டர்களோடு வந்த இளைஞருக்கு, என்னிடமிருந்த எச்.இ.30 துண்டு ஒன்றை, ரகத்தை எழுதியே கொடுத்தனுப்பினேன்.