பெயரில் அற்ககோல், கேக்கில் இனிப்பு

சைலிட்டோல் ஒரு சீனி அற்ககோல். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மதுவிலுள்ள எதனோல் இதில் இல்லை. மூலக்கூறில் ஐதரொட்சில் கூட்டங்கள் இருப்பதாலேயே இரசாயனவியலில் இப்பெயர்.

ஒரு கிராம் சீனி 4 கிலோகலோரி தர, சைலிட்டோல் 2.4 மட்டுமே தரும். இனிப்போ சமம், ஆகவே கேக்கில் 100 கிராம் சீனிக்கு 100 கிராமே இடலாம். காபனைல் கூட்டம் இல்லாததால் கேக் எளிதில் பொன்னிறமாகாது. நிறத்தை நம்பாமல் ஈர்க்கு குத்திப் பாருங்கள். ஈஸ்ட் இதை நொதிக்கச் செய்யாததால் பணிஸுக்கு ஏற்றதன்று. அதிகம் உண்டால் வயிற்றோட்டம் ஏற்படும், நாய்களுக்கோ நஞ்சு.

பெருநாளுக்கு நீரிழிவுள்ள உம்மம்மாவை நினைத்து கேக் சுடும் சகோதரிகளே! சீனியை மாற்றினாலும் கோதுமை மாவின் மாப்பொருள் உடலில் குளுக்கோசாகவே மாறும். சிறு துண்டே போதும்.