வாய் பேசாதாரின் சைகை: மார்க்கச் சட்டமும் நம் நிலையும்

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் முதிர்ந்த வயதில் தமக்கு ஒரு மகன் பிறக்கவிருக்கும் நற்செய்தியைக் கேட்டதும், அதற்கோர் அத்தாட்சி வேண்டினார்கள். மூன்று நாட்கள் மக்களிடம் சைகையாலன்றிப் பேச இயலாது என்பதே அவர்களுக்கு அத்தாட்சியாக அருளப்பட்டது. ஆல இம்ரான் அத்தியாயத்திலும் (3:41), மர்யம் அத்தியாயத்திலும் (19:10,11) இந்த வரலாறு வருகிறது. அவர்கள் மிஹ்ராபிலிருந்து வெளியே வந்து, காலையும் மாலையும் இறைவனைத் துதி செய்யுமாறு தம் சமூகத்தாருக்குச் சைகையால் உணர்த்தினார்கள். நாவு கட்டுண்டிருந்த அந்நாட்களிலும் அவர்களின் நபித்துவப் பணி நின்றுவிடவில்லை. அதே அத்தியாயத்தில், ஊரார் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டபோது மர்யம் (அலை) அவர்கள் வாய் திறவாமல் குழந்தையைச் சுட்டிக் காட்டிய செய்தியும் (19:29) உள்ளது.

இவற்றை நாம் பல முறை ஓதியிருக்கிறோம், பயானிலும் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். என்றாலும், பிறவியிலேயே காது கேளாத ஒரு வாலிபர் மாப்பிள்ளையாக நம் முன்னால் வந்து அமர்ந்த அன்றுதான் இந்த வசனங்கள் நம்மிடம் என்ன கேட்கின்றன என்பது நமக்கு உறைத்தது. நடந்ததை உள்ளபடி எழுதுகிறோம். இதில் குறை நம்முடையதே.

அவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர், தையற்கடையில் வேலை. ஜும்ஆவுக்குத் தவறாமல் வருவார். நிக்காஹ் மஜ்லிஸில் பெண்ணின் வலீ ஈஜாப் சொல்லி முடித்ததும், மாப்பிள்ளையின் மாமா அவருடைய முழங்காலைத் தட்டினார். மாப்பிள்ளை தலையசைத்தார். "அவ்வளவுதான் ஆலிம்சா, துஆ ஓதுங்க" என்றார் மாமா. நமக்கு மனம் ஒப்பவில்லை. மஹர் இன்ன தொகை, சம்மதமா என்று கையால் காட்டிக் கேட்டோம். தலையசைத்தார். வேண்டுமென்றே அதைப்போல் பத்து மடங்கைக் காட்டினோம். அதற்கும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குப் பொருள் 'சம்மதம்' அல்ல, 'நடக்கிறது நடக்கட்டும்' என்பதே. பிறந்த நாள் முதல் தம்மைச் சுற்றி நடப்பது விளங்காமலே தலையசைத்துப் பழகிய தலை அது.

ஈஜாப் வீணாயிற்று, மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று சபைக்குத் தெரிவித்துவிட்டு எழுந்தோம். முணுமுணுப்பு எழுந்தது. பிரியாணி ஆறுகிறது என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. பந்தியின் கடைசியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் நான்கு பேர் கையாலேயே உரையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நாம் தாளில் எழுதினோம். அவர் படித்துச் சைகையில் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஆனால் அவர் உடனே கபூல் செய்யவில்லை. மஹர் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார்! மாமா பேசி முடித்திருந்த தொகை அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. தையற்கூலியில் சேர்த்து அவர் ஒரு பவுனில் மோதிரம் வாங்கி வைத்திருந்தார். அதையே மஹராகக் கொடுக்க வேண்டும் என்றார். வலீ மகிழ்ந்து அதன்படி ஈஜாப் சொல்ல, மாப்பிள்ளை தம் நெஞ்சைத் தொட்டு, மோதிரத்தைக் காட்டி, ஏற்றுக்கொண்டேன் என்று காட்டிய விதம் சபையிலிருந்த சிறு பிள்ளைக்கும் விளங்கியது. சாட்சிகள் இருவரும் தமக்கு விளங்கியதாகச் சொன்னார்கள். அதன் பிறகே துஆ ஓதினோம்.

நிற்க. இதிலுள்ள மஸ்அலாவைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாய் பேசாதவரின் அறியப்பட்ட சைகை, நாவால் பேசுவதற்குச் சமம் என்பது ஃபுகஹாக்களின் பொது விதி. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பில் இது 70-வது விதியாக இடம் பெற்றிருக்கிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் தலாக் பற்றிய பகுதியில் சைகைக்கென்று தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். வாங்கல், விற்றல், நிக்காஹ், தலாக் யாவும் வாய் பேசாதவரின் சைகையால் நிறைவேறும். சாட்சியம் சொல்வதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் ஏற்பதில்லை, மாலிக்கீ மத்ஹபில் ஏற்கிறார்கள். தொழுகைக்குள் அவர் சைகை செய்தால் அது பேச்சாகக் கருதப்பட்டுத் தொழுகை முறியுமா என்றால், முறியாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்.

நம் ஷாஃபிஈ கிதாபுகள் இந்தச் சைகையை இரண்டாகப் பிரிக்கின்றன. பார்ப்பவர் எல்லோருக்கும் விளங்குவது தெளிவான சொல்லைப் போன்றது. கூர்மதியுடையோருக்கு மட்டும் விளங்குவது மறைமுகச் சொல்லைப் போன்றது. நிக்காஹ் மறைமுகச் சொல்லால் நிறைவேறாது. காரணம், சாட்சிகள் உள்ளத்திலுள்ள நிய்யத்தைக் காண முடியாது. ஆகவே மாப்பிள்ளையின் சைகை சாட்சிகளுக்கு விளங்கியாக வேண்டும்.

இதை மதரஸாவில் ஓதிய காலத்தில், இது வாய் பேசாதவரைப் பற்றிய சட்டம் என்றே நாம் எண்ணியிருந்தோம். இப்போது பார்த்தால் பாதிச் சட்டம் நம்மைப் பற்றியது. 'அறியப்பட்ட சைகை' என்றால் யாரால் அறியப்பட்டது? அவர் தெளிவாகவே சொல்கிறார். நமக்குத் தெரியவில்லை என்பதற்காக அவருடைய சொல் சபையில் செல்லாமல் போய்விடுகிறது. பேசத் தெரிந்த ஊரில் ஒருவருமே அவர் மொழியை அறியாவிட்டால், அவருடைய உரிமையை நாம் தட்டிப் பறித்தவர்கள் ஆகமாட்டோமா?

அபூதர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. தர்மங்களின் வகைகளை எண்ணிச் சொல்லும்போது, காது கேளாதவருக்கும் வாய் பேசாதவருக்கும் விளங்கும் வரையில் எடுத்துரைப்பதையும் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் தர்மமாகச் சேர்த்திருக்கிறார்கள். 'விளங்கும் வரை' என்ற எல்லையைக் கவனியுங்கள். உரத்துக் கத்திவிட்டு, சொல்லியாயிற்று என்று போய்விடுவது இதில் சேராது.

அந்த நிக்காஹுக்குப் பிறகு நாமும், பள்ளிவாசலை அடுத்து மளிகைக் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவரும் சைகை மொழி கற்கத் தொடங்கினோம். அந்த நண்பரே நமக்கு உஸ்தாத். எண்களிலிருந்து தொடங்கினார். பெருமானார் (ஸல்) அவர்கள் மாதம் இப்படி, இப்படி, இப்படி என்று பத்து விரல்களையும் மும்முறை விரித்து, மூன்றாம் முறை ஒரு கட்டைவிரலை மடக்கி இருபத்தொன்பதைக் காட்டித் தந்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஐந்து வரை விரல்களே எண். அதற்கு மேல் ஊருக்கு ஊர் வழக்கம் சிறிது மாறுகிறது. கை வடிவங்களை எழுத்தில் வர்ணிக்க நாம் முற்படவில்லை, அப்படிப் படித்தால் தவறாகவே வரும். புதுதில்லியில் 2015-இல் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் அமைக்கப்பட்டது. 2018-இல் அது வெளியிட்ட அகராதியில் 3,000 சொற்கள் இருந்தன, 2021-இன் பதிப்பில் 10,000. ஒவ்வொரு சொல்லும் படக்காட்சியாக இருப்பதால் கைபேசியிலேயே பார்த்துப் பழகலாம். ஆனாலும் காது கேளாத ஒருவரிடம் நேரில் கற்பதே நல்லது. ஓதலை உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டுத்தானே கற்கிறோம்.

சைகை என்றால் மனம்போனபடி கையை ஆட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள், நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அதற்கு இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'உன் பெயர் என்ன' என்று தமிழில் கேட்கும் வரிசையே இதற்கும் பொருந்துவதால் நமக்கு எளிது. கேள்வி புருவத்திலும் இருக்கிறது. முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டினால் கேள்வி கேள்வியாகாது. உஸ்தாத் நம்மைப் பல முறை கடிந்துகொண்டது இதற்காகத்தான்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. 'பணம்' என்பதும் 'மணம்' என்பதும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். கண்ணாடியில் சொல்லிப் பாருங்கள். மீசையைக் கத்தரிக்கும் சுன்னத்தைக் கடைப்பிடிப்போருக்கு இதில் ஒரு சிறு வசதி உண்டு! அழைக்க வேண்டுமானால் தோளை மெல்லத் தொடலாம், அல்லது பார்வை படும்படி கையசைக்கலாம். பின்னாலிருந்து பொருளை எறிவதும் முதுகில் அறைவதும் கூடாது. முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேச வேண்டும்.

கடை விஷயத்துக்கு வருவோம். வியாபாரம் இரு தரப்பின் பொருத்தத்தின் பேரில் நடக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை (4:29). பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அடியில் நனைந்திருந்த தானியக் குவியலின் ஹதீஸை அறியாதவர் இல்லை. நம் கடைகளில் மற்றவர்களிடம் "அரிசி பழசு, கொஞ்சம் குழையும்" என்று வாயால் சொல்லிவிடுகிறோம். காது கேளாதவர் வந்தால் மட்டும் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனாலும் குறை சொல்லப்படாமலே விற்கப்பட்டுவிட்டது.

காக்கா எண்களையும் 'கடன்', 'பழசு', 'நாளை' போன்ற சில சொற்களையும் கற்ற பிறகு, முன்சொன்ன தையற்காரரின் பற்றுக் கணக்கை அவருக்கு ஒவ்வொரு வரியாகக் காட்டினார். அதுவரை மாதக் கடைசியில் மொத்தத் தொகையைத் தாளில் எழுதி நீட்டுவதே வழக்கம். அவரும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். வரிவரியாகப் பார்த்ததும் அவர் சிலவற்றின் மீது விரலை வைத்து, 'நான் இல்லை' என்றார். அவருடைய உறவினர் ஒருவர் தம் சிகரெட்டை அவர் பெயரில் எழுதச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். ஆறு மாதத்தில் 1,140 ரூபாய். காக்கா அன்றே தம் கல்லாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். கடனை எழுதி வைப்பது பற்றிய நீண்ட வசனத்தில் (2:282), தாமே எடுத்துச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதத்துடன் சொல்லட்டும் என்று வருவதை, வாய் பேசாதவரையும் சேர்த்தே முஃபஸ்ஸிர்கள் விளக்கியிருக்கிறார்கள். நீதம் என்ற நிபந்தனை அங்கே வீணாக வைக்கப்படவில்லை.

ஸலாம் விஷயத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல் அத்கார்' நூலில் தரும் விளக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். காது கேளாதவருக்கு ஸலாம் சொல்பவர் நாவால் மொழிவதுடன், அவருக்கு விளங்கும்படி கையாலும் காட்ட வேண்டும். அவருடைய ஸலாமுக்குப் பதில் சொல்வதும் இவ்வாறே. வாய் பேசாதவர் கையால் பதில் காட்டினால் அவருடைய கடமை நிறைவேறிவிடும். 'ஊமை பாய்', 'செவிடன்' என்று தெருவில் பெயர் வைத்து அழைப்பது பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் வசனத்துக்கு (49:11) மாற்றமாகும். அவருக்குக் கேட்காது என்பது சமாதானம் ஆகாது. அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. நமக்கும் வைத்திருக்கிறார்கள். தலைப்பாகையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டுவதே நம் பெயராகியிருக்கிறது. சாய்வாகக் கட்டுகிறோம் என்பதே நமக்கு அன்றுதான் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2011 குடிமதிப்பின்படி நம் நாட்டில் கேட்கும் திறனில் குறையுடையோர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "அவனுக்கு என்ன தெரியும், அல்லாஹ் மன்னிப்பான்" என்று தொழுகையைக்கூடச் சொல்லித்தராமல் விடும் தாய்மாரைப் பார்க்கிறோம். காது கேளாமை மட்டும் ஒருவரை மார்க்கக் கடமையிலிருந்து நீக்கிவிடாது. சைகையால் விளக்க முடிகிற பிள்ளைக்கு விளக்குவது பெற்றோர் மீது கடமை. பிறவியிலேயே பேச இயலாதவர் ஓதலுக்காக நாவை அசைக்க வேண்டியதில்லை என்று ஷாஃபிஈ இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். நிலை, ருகூஃ, ஸுஜூது யாவற்றையும் அவர் மற்றவர்களைப் போலவே நிறைவேற்றுவார். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பிற சமயத்தவர் அவ்வளவு முன்பே கண்ட தேவையை நாம் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கலாகாது. மக்கா ஹரம் ஷரீபின் ஜும்ஆ குத்பாவே இப்போது சைகை மொழியில் பெயர்த்துக் காட்டப்படுகிறது.

நம் பள்ளிவாசலிலும் ஜும்ஆவுக்கு முந்திய தமிழ் பயானை அந்த நண்பரே சைகையில் பெயர்த்துச் சொல்கிறார். பயானின் சுருக்கத்தை வியாழன் இரவே எழுதி அவரிடம் கொடுத்துவிடுகிறோம். பெரியவர்கள் இருவர், கையாட்டுவது கவனத்தைக் கலைக்கிறது என்று குறைப்பட்டார்கள். குத்பா நேரத்தில் பேசுபவரைச் சைகையால் அமர்த்தலாம் என்றே கிதாபுகள் சொல்லியிருக்க, பயான் நேரத்துச் சைகையில் தடை என்ன என்று கேட்டோம். இருந்தாலும் அவர்கள் பார்வையில் படாதபடி மூன்றாம் தூணுக்கு அப்பால் இடம் ஒதுக்கினோம். அங்கே வெளிச்சம் போதவில்லை என்று தையற்காரர் சொன்னார். போன வாரம் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.