பின்னே ஓடும் கடிகாரமும் முன்னே தெரியும் திரையும்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த விவிலிய வினாடி வினாவின் எழுத்துச் சுற்றுக்கு நேரம் 20 நிமிடம். மீதி நேரத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சுற்று நடக்கையில் பேசியின் திரை தானே அணைந்தது. சற்றுப் பொறுத்து அருட்சகோதரி அதை எடுத்துப் பார்த்து, “இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது” என்று அறிவித்தார். சுவர்க் கடிகாரப்படி இருந்ததோ மூன்றே நிமிடம்! அதை நம்பி நிதானமாக எழுதிய ஆறாம் வகுப்புத் தங்கையர் கடைசி வினாக்களைத் தொடாமலே தாளைக் கொடுக்க நேர்ந்தது. ஒருத்தி அழுதேவிட்டாள். தவறு பேசியினுடையதன்று, என்னுடையது. அது நேர்ந்த விதத்தை இங்கே விளக்குகிறேன்.

ஒரு செயலிக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கலாம். அவ்வாறு ஓடும் ஒவ்வொரு வேலைத் தொடரையும் திரெட், அதாவது இழை என்பர். ஆண்ட்ராய்டு பேசியில் விரல் தொடுவதைக் கவனிப்பதும் திரையை வரைவதும் முதன்மை இழையின் பணி. வினாடிக்கு 60 முறை வரையும் திரையில், ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி வினாடியே. அதனிடம் போய், “ஒரு வினாடி உறங்கு, பிறகு ஒன்றைக் கழி” என்றால் திரை உறைந்து நிற்கும். தொட்ட பின்னும் 5 வினாடி பதில் இல்லையென்றால், செயலியை மூடிவிடலாமா என்று பேசியே கேட்கும். ஆகவேதான் எண்ணும் வேலையைப் பின்னணியில் வேறோர் இழைக்குக் கொடுக்கிறோம்.

அந்தப் பின்னணி இழை தானே திரையில் எண்ணை எழுதலாமா? கூடாது. எழுத முயன்றால் செயலி பிழை காட்டி நின்றுவிடும். ஐபோனிலும் திரை வேலைக்கு முதன்மை இழையே உரியது.

நம் விளையாட்டு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பலகையருகே சாக்பீஸோடு ஓர் அக்கா மட்டுமே நிற்பார். முடிவுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் கொடுப்போம். பலகையை நாம் தொடமாட்டோம். நால்வர் ஒரே நேரத்தில் எழுதினால் 12 என்பது 72 ஆகிவிடுமல்லவா? அதுபோலவே முதன்மை இழைக்கும் ஒரு செய்தி வரிசை உண்டு. அதில் சீட்டைப் போடுவது ஹேண்ட்லர். ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது லூப்பர்.

இதுவரை நான் சரியாகவே செய்திருந்தேன். சீட்டில் எழுதிய எண்தான் தவறு. என் பின்னணி இழை ஒரு வினாடி உறங்கும், எழுந்து மீதியில் ஒன்றைக் கழிக்கும், சீட்டு அனுப்பும். ஒரு வினாடி என்று சொன்னாலும் அது சற்றுப் பிந்தியே எழும். அந்தப் பிசகு சிறிது. திரை அணைந்து பேசியே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால், இழையும் கூடவே நின்றுவிடுகிறது. அந்த நிமிடங்களைக் கழிப்பவர் யாருமில்லை! வீட்டில் சோதித்தபோதெல்லாம் திரை எரிந்துகொண்டே இருந்ததால் இது எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகக் கழிப்பதை விட்டுவிட்டு, தொடங்கும்போதே முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் வருவதே மீதி. இதற்குப் பேசியின் மேலே தெரியும் மணியைக் கொள்ளக்கூடாது. யாரேனும் அதை மாற்றிவைத்தால் கணக்குக் கெடும். ஆண்ட்ராய்டுக்குள் வேறு கடிகாரங்கள் உள்ளன. ‘அப்டைம் மில்லிஸ்’ என்பது பேசி உறங்கும்போது நின்றுவிடும். ‘இலாப்ஸ்ட் ரியல்டைம்’ என்பது உறக்கத்திலும் ஓடும். நமக்கு வேண்டியது பின்னது. ஆண்ட்ராய்டே தரும் ‘கவுண்ட்டவுன் டைமர்’ இப்படித்தான் கணக்கிடுகிறது. முதன்மை இழையில் தொடங்கினால் அங்கேயே வந்து மீதியைச் சொல்வதால் சீட்டு வேலையும் மிச்சம். பாடநூலை மூடிவைத்துவிட்டுச் சொந்தமாக எழுதப் போனது என் அவசரம்.

ஆனால் அந்த டைமரும் உறங்கும் பேசியை எழுப்பாது. 20ஆம் நிமிடம் மணி ஒலிக்க வேண்டுமானால் அலாரம் சேவையிடம் தனியே சொல்லிவைக்க வேண்டும். வினாடி வினாவுக்கு, திரை அணையாதபடி ஒரு வரி எழுதினாலே போதும். செயலியை மூடும்போது டைமரையும் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் மூடிய திரைக்குச் சீட்டுகள் போய்க்கொண்டேயிருக்கும்.

திருத்திய செயலியை இவ்வாண்டு அருட்சகோதரியின் மேசைமீது, வேண்டுமென்றே திரையை அணைத்து, 15 நிமிடம் வைத்துப் பார்த்தோம். தட்டி எழுப்பியதும் மீதி 5 நிமிடம் என்று சரியாகக் காட்டிற்று. சிஸ்டர் புன்னகைத்தார். ஆயினும் சுவர்க் கடிகாரத்தை அரங்கிலிருந்து எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.