வல்லநாட்டு முள்காடும் தாமிரபரணிக் கரையும்

வல்லநாடு வெளிமான் சரணாலயம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலி–தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் புதர்க்காடு. நெல்லையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். 1987-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். சென்னையின் கிண்டி தேசியப் பூங்காவைப் போல ஆறு மடங்கு. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்கே கடைசி இடம் இது. காட்டிலிருந்து சற்றுத் தள்ளித் தாமிரபரணி ஓடுகிறது. தூத்துக்குடி நகரம் குடிக்கும் தண்ணீர் வல்லநாட்டில் அந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதுதான். காட்டையும் ஆற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், வரிசை மாறக்கூடாது: விடியலில் காடு, வெயில் ஏறியபின் ஆறு. ஆற்றில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் மான் பார்க்கப் போகிறவர்கள் பாறையையும் கானலையும்தான் பார்த்துத் திரும்புவார்கள்.

புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் காடு முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். புல்தரை, ஊஞ்சல், படகு என்று எதுவும் கிடையாது. “இதைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம்? நம்ம ஊரு உடங்காடுதான இது” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முள்ளும் வெயிலும் கரிசல்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. நிலம் மட்டும் வேறு. கரிசல் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு உளுந்துக்கும் பாசிக்கும் பருத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வல்லநாட்டுக் குன்றுகளில் செவலும் சரளும் பாறையும். பெய்த மழை நிற்காமல் ஓடையில் இறங்கிவிடும். அதனால் சிறிய இலையும் ஆழமான வேரும் உள்ள செடிகொடிகளே இங்கே தாக்குப்பிடிக்கின்றன. குடை விரித்ததுபோல் தலை பரந்து நிற்கும் உடைமரம், பிசுபிசுத்த இலையுள்ள விராலி, ஆவாரை, கிளுவை, கள்ளி, பாறைமேல் படரும் பிரண்டை என்று எல்லாமே வறட்சிக்குப் பழகியவை.

சீமைக்கருவேலம் இந்தக் கணக்கில் வராது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரம் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் கரிமூட்டத் தொழிலுக்குச் சோறு போடுகிறது என்பது உண்மை. ஆனால் வெளிமானுக்கு அது பகை. திறந்த வெளியில் தூரத்து ஆபத்தைக் கண்ணால் கண்டு ஓடித் தப்பும் விலங்கு இது. வேலம் அடைத்துக்கொண்ட இடத்தில் பார்க்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது தண்ணீரைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சாக இருந்தது; புல்வெளியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

வெளிமானை எல்லோரும் மான் என்றே சொன்னாலும், உயிரியல் வகைப்பாட்டில் அது ஆடுமாடுகளின் குடும்பம். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு விழாது, கிளைக்காது. திருகித் திருகி மேலே போகும். பெரும்பாலும் கிடாவுக்குத்தான் கொம்பு. வயது ஏற ஏறக் கிடாவின் முதுகு கறுத்துக்கொண்டே வரும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் வெள்ளையாகவே இருக்கும். பெண்ணும் குட்டியும் மண்ணின் நிறம். இந்தக் காட்டில் புள்ளிமானும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வெளிமான் பார்த்ததாக ஊரில் சொல்பவர்கள் நிறைய. மர நிழலில், புதரோரத்தில் நிற்பது புள்ளிமானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெட்டவெளியில், நாலாபக்கமும் தெரிகிற மேட்டில் நிற்பதை வெளிமான் என்று எடுத்துக்கொண்டு கூர்ந்து பார்க்கலாம்.

அதைப் பார்ப்பதற்குக் கால்களைவிடக் கண்ணும் பொறுமையும்தான் வேண்டும். வெளிமான் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பும் விலங்கு. அசைவைத்தான் முதலில் கண்டுகொள்ளும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியதைத் துரத்தி யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. விடிந்தும் விடியாததுமாக உள்ளே போய், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காமல் தரையை ஒட்டிய உயரத்தில் கண்ணை மெல்ல ஓட்ட வேண்டும். மானின் உருவம் முழுதாக முதலில் பிடிபடாது. காது அசைவதோ வயிற்றின் வெள்ளையோதான் கண்ணில் படும். உருவம் அதற்குப் பிறகே துலங்கும். ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தால் அது கிடா தன் எல்லைக்கு வைத்த அடையாளம். அந்தக் கிடா அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்; அதற்கு எதிரே தூரத்தில் காத்திருப்பது வீணாகாது. ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் கைப்பேசிக் கேமராவைவிட நூறு பங்கு உதவும். கைப்பேசியில் மான் ஒரு புள்ளியாகத்தான் விழும். அந்தப் புள்ளியைப் பெரிதாக்க ஆசைப்பட்டுத்தான் ஆட்கள் கிட்டே நெருங்கிக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள்.

வெளிமானின் சினைக்காலம் சுமார் ஆறு மாதம். ஈன்ற தாய் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போய்விடும். பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைத் தாயில்லாக் குட்டி என்று எண்ணித் தூக்கி வருவதைப்போல் கெடுதல் வேறில்லை. தொடாமல் அப்படியே விலகி வந்துவிட வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு வெளிமான். சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சுற்றுலா, நிழற்படம், ஆய்வு ஆகியவற்றுக்கு அனுமதி கொடுக்க வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வேலி மறிக்காத இடம் வழியே உள்ளே போய்விட்டு, “ஆடு மேய்க்கிறவங்க போறாங்களே” என்று வாதாடிப் பயனில்லை. தீ மூட்டுவதும் ஆயுதம் கொண்டுபோவதும் அதே சட்டத்தில் குற்றம். சோறு பொங்கிச் சாப்பிட நினைப்பவர்கள் அதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளட்டும். மலையடிவாரத்தில் காவல்துறையின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. வெடிச்சத்தம் கேட்டால் வேட்டை என்று பதற வேண்டாம். அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்.

போவதற்கேற்ற பருவம் மார்கழி முதல் மாசி வரை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புல் பச்சையாக இருக்கும், வெயில் தாங்கும். மழை ஓயாத கார்த்திகையில் இருசக்கர வண்டியில் கரிசல் பாதைகள் வழியே குறுக்கே வரப் பார்ப்பவர்கள் பாதி வழியில் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருக்க நேரும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும். சித்திரை, வைகாசி கொடுமையான மாதங்கள்தான். ஆனால் வனத்துறை தண்ணீர் நிரப்பும் தொட்டிகளைத் தேடிக் காலையிலும் மாலையிலும் விலங்குகள் வருவதால், வெயிலைத் தாங்குகிறவர்களுக்கு அந்த மாதங்களிலும் பலன் உண்டு. குழந்தைகளையும் முதியவர்களையும் அப்போது கூட்டிப்போவது சரியல்ல.

ஆயத்த ஆடைக்குப் பேர்போன புதியம்புத்தூர்க்காரர்களுக்கு உடுப்பைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. காட்டுக்கு மட்டும் ஊரில் விலைபோகும் நிறம் ஆகாது. காக்கி, மண்நிறம், மங்கிய பச்சை எதுவும் சரி. கணுக்கால் மூடிய காலணியும் முழுக்கால் சட்டையும் வேண்டும். செருப்பை உடைமுள் துளைத்துவிடும், ஒட்டுப்புல் பாவாடை ஓரத்தில் ஏறிவிட்டால் பொறுக்கி மாளாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். தின்பதற்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போதும், வெயிலில் கெடாது. குரங்கு கண்ணில் படாமல் பைக்குள் இருக்க வேண்டும். மிட்டாய் உறை திரும்பவும் அதே பைக்குள் போக வேண்டும்.

சரள் நிலத்தில் சுருட்டை விரியன் வாழும். கல்லைப் புரட்டுவதும், பார்க்காமல் பாறை இடுக்கில் கை வைப்பதும் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எல்லாம் காலத்தை வீணாக்கும். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே பாளையங்கோட்டை அல்லது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பது மணிக்கெல்லாம் காடு வெறிச்சோடிவிடும். அதன்பிறகு முறப்பநாட்டுக்குப் போகலாம். நவகைலாயங்களில் குருவுக்குரிய கைலாசநாதர் கோயில் அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. படித்துறையில் குளிப்பவர்கள் படித்துறையோடு நின்றுகொள்ள வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெளிந்த தண்ணீரும் கீழே ஆள் மூழ்கும் ஆழமுமாக இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பழைய கணக்கை வைத்து ஆற்றில் இறங்குவது ஆபத்து. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. மணல் கொள்ளை இங்கே வெறும் சுற்றுச்சூழல் பிரச்சினை அல்ல. 2023 ஏப்ரலில் அதைப்பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் முறப்பநாட்டில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

பழந்துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்ற வழக்கம் தாமிரபரணிப் படித்துறைகளைக் கெடுத்து வைத்திருக்கிறது. நீர்க்காகமும் மீன்கொத்தியும் பார்க்க வேண்டுமானால் படித்துறைக் கூட்டத்தை விட்டுச் சற்று விலகி, வாழைத்தோட்டத்து ஓரமாகக் கரையில் நின்றால் போதும். நீர்நாய்கூட இந்த ஆற்றில் உண்டு; கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம்.

நேரமிருந்தால் தென்கரையில் ஆதிச்சநல்லூருக்குப் போகலாம். 114 ஏக்கரில் பரந்த முதுமக்கள் தாழிக்காடு அது. தோண்டிய குழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடி வழியே பார்க்கும் ஏற்பாடு 2023-இல் திறக்கப்பட்டது. ஆனால் காடு, கோயில், ஆறு, தாழி என்று நான்கையும் ஒரே பகலில் திணிப்பது எதையும் பார்க்காததற்குச் சமம்; ஆதிச்சநல்லூருக்கு இன்னொரு நாள் ஒதுக்குவதே மேல்.

பேருந்தில் வருவோர் தூத்துக்குடியிலோ பாளையங்கோட்டையிலோ ஏறும்போதே வல்லநாட்டில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன் டு ஒன் வண்டிகள் நிற்காது. புதியம்புத்தூரிலிருந்து சொந்த வண்டியில் வருவோருக்குத் தட்டப்பாறை, வாகைக்குளம் வழியாக நான்குவழிச் சாலையைப் பிடிப்பது எளிது. சாலை நன்றாக இருக்கிறது என்பதுதான் அதில் சிக்கல். தண்ணீருக்கும் தோட்டத்துப் பயிருக்கும் மான்கள் பொழுதுசாயும் நேரத்தில் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபடுவதும் நடக்கிறது. சாயங்காலம் திரும்புகிறவர்கள் வல்லநாட்டுக் குன்று பின்னால் போகும்வரை வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஒரு மான் கடந்துவிட்டால் உடனே வண்டியை முடுக்கிவிடாதீர்கள். பின்னால் கூட்டம் வரும்.