ஊடகப் பட்டமும் அடைவுத் துண்டும்: உயர்தரம் முடித்த வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புளியங்குளம் சந்தியில் யாழ்ப்பாணம் பஸ்ஸுக்கு நிற்கும் கம்பஸ் பிள்ளையிடம் "உனக்கு மாணவர் கடன் எவ்வளவு?" என்று கேட்டால் சிரிக்கும். 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் "காப்பு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது கணக்கு வெளியே வரும்.

படி 1: எங்கே படிக்கலாம் என்று பாருங்கள்

ஊடகத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிட்டப் படிக்க இரண்டு இடங்கள் உண்டு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ஊடகக் கற்கைகள் துறை, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் கற்கை. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான, பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம்தான் நமக்கு மிகக் கிட்ட. ஆனால் அங்கே இருப்பவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்களே. ஆகவே வீட்டிலிருந்து போய்வரும் கனவை விடுங்கள். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல்.

படி 2: கடனை அதன் உண்மைப் பெயரில் எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, படிப்புக்காக வீடு எதையெல்லாம் ஈடு வைக்கப்போகிறது என்று வரி வரியாக எழுதுங்கள். அடைவு வைத்த சங்கிலி, விற்ற மாடு, முன்கூட்டியே எடுத்த சீட்டு, வெளிநாட்டில் நிற்கும் மாமா அனுப்பும் காசு. மாமா வட்டி கேட்கமாட்டார்தான். ஆனால் தங்கச்சியின் கலியாணம் வரும்போது கணக்கு வேறு உருவத்தில் திரும்பி வரும். அதையும் எழுதுங்கள்.

கிழமைக் கடனை மட்டும் படிப்புக்கு எடுக்காதீர்கள். போருக்குப் பின் வன்னிக்குள் வந்த நுண்கடன் எத்தனை பெண்களை மூச்சுத்திணற வைத்தது என்று உங்களுக்கே தெரியும். 2018இல் அரசாங்கம் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு போட வேண்டிவந்தது. உச்சவரம்பே 35 என்றால் மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். நாலு வருசத்துக்கு ஒரு ரூபாவும் உழைக்காத படிப்புக்கும் கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கும் ஒத்துவராது.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ அறை, சாப்பாடு, பஸ், டேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மகாபொலப் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ஆனது. அது கிடைத்தால் துண்டுவிழுவது 17,500. வருசத்துக்குப் பத்து மாதம், நாலு வருசம்: 7 லட்சம். மகாபொல கிடைக்காமல் பர்சரி உதவிப்பணம் என்றால், அது அதே திட்டத்தில் 6,500 ஆனது. இரண்டும் பிந்தித்தான் வரும். முதல் சில மாதத்துக்குக் கையில் காசு இருக்கவேண்டும். பகிடிவதையை விட இதுதான் முதலாம் வருசப் பிள்ளையை அதிகம் அழவைக்கும்.

படி 3: தனியார் நிறுவனமா? நின்று யோசியுங்கள்

இசட் புள்ளி போதாதவர்களுக்காக 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் படிப்புக் கட்டணத்துக்கு 8 லட்சம் ரூபா வரை; வட்டியை அரசு கட்டும், முதலைப் படிப்பு முடிந்தபின் நீங்கள் கட்டவேண்டும். கணினிப் படிப்புக்கு இது நல்ல வழி. ஊடகப் படிப்புக்கு எடுக்க நான் சொல்லமாட்டேன். கட்டணம் கடனைத் தாண்டினால் மிச்சம் உங்கள் தலையில், கொழும்புச் செலவு தனி. வேலை தருபவர் கேட்பதோ நீங்கள் செய்த வேலையை. பட்டம் எங்கே எடுத்தது என்பது பிறகுதான்.

படி 4: சம்பளத்தைக் கனவில் பார்க்காதீர்கள்

பிரதேச நிருபராக இருந்தால் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. வெள்ளம் வந்த மாதம் வருமானம், வராத மாதம் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசுமில்லை. தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சின்ன ஊடக நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர் அதற்குப் பக்கத்திலேயே தொடங்கக்கூடும்.

அரச வேலை? 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை மறக்கவேண்டாம். 2020இல் எடுத்த பட்டதாரிப் பயிலுனர்களுக்கு மாதம் 20,000தான். ஆனால் 2025இல் அரச துறையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000க்குப் படிப்படியாக உயர்த்துவதென்று முடிவானது. பட்டதாரித் தரத்தவருக்கு அதற்கு மேல். 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' பாடசாலையில் ஒரு பாடம் என்பதால் ஆசிரியர் வேலையும் திறந்திருக்கிறது. பலர் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அது தோல்வியில்லை.

படி 5: கழித்துப் பாருங்கள்

மாதம் 60,000 கிடைத்து, அதில் 10,000ஐ வீடு பட்ட கடனுக்கு ஒதுக்கினால் 7 லட்சம் தீர 70 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருசம். அடைவு வட்டி இதற்குள் இல்லை. 30,000 சம்பளத்தில் அந்த 10,000 எங்கிருந்து வரும்? இந்த இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அப்பாவுக்கும் காட்டுங்கள். இரண்டாவது விடையைப் பார்த்தபிறகும் "படி பிள்ளை" என்று அவர் சொன்னால், யோசித்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

படி 6: காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள்

பெறுபேறு வந்தபின்னும் கம்பஸ் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சிங்களம் படியுங்கள். ஆங்கிலமும்தான், ஆனால் முதலில் சிங்களம்: மூன்று மொழியும் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தொண்டு நிறுவனத்திலும் வங்கியிலும் கொழும்பு விளம்பரக் கம்பனியிலும் இடம் இருக்கிறது. போனிலேயே வீடியோ வெட்டி ஒட்டப் பழகுங்கள். கலியாண வீட்டு வீடியோக்காரரோடு இரண்டு சனி, ஞாயிறு போய்வாருங்கள். கமரா பிடிக்கவும் பழகலாம், கையிலும் கொஞ்சம் காசு வரும்.

பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்ப உட்காருங்கள். அந்தக் கொப்பி பக்கத்தில் திறந்தபடி இருக்கட்டும்.