லேப்டாப் மந்தமா? பிட்லாக்கர் மேல் பழி போடும் முன்...

"பிட்லாக்கரை எடுத்துவிடுங்க சார், லேப்டாப் பறக்கும்!" ஐ.டி. பிரிவில் அடிக்கடி விழும் கோரிக்கை இது. அதைக் கேட்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

குறியாக்கம் எப்போது வேலை செய்கிறது?

விண்டோஸின் பிட்லாக்கர் வட்டில் உள்ள தரவைக் குறியாக்கிப் பூட்டி வைக்கிறது. கோப்பு வட்டிலிருந்து ராமுக்கு வரும்போது பூட்டு திறக்கிறது. சேமிக்கும்போது மீண்டும் விழுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் எக்செல்லில் கணக்குப் போடும்போது அதற்கு வேலையே இல்லை. 2010 முதல் இன்டெல் தன் சிப்புகளில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்தது. ஏஎம்டியும் பின்னாலேயே வந்தது. அதனால் மெயில், பிரவுசர், வேர்டு வேலைகளில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது.

எப்போது தெரியும்?

• முதன்முறை பூட்டும்போது. பெரிய வட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். மாலையில் தொடங்கி, சார்ஜரில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். புது லேப்டாப் என்றால் பயன்படுத்திய இடத்தை மட்டும் பூட்டினால் போதும்.

• அதிவேக என்விஎம்இ எஸ்எஸ்டியில் வீடியோ எடிட்டிங், டேட்டாபேஸ் போன்ற கனமான வேலை செய்யும்போது. வட்டின் வேகத்துக்குப் பூட்டும் வேலை ஈடுகொடுக்காமல் போகலாம்.

• ஏஇஎஸ் கட்டளைகள் இல்லாத பழைய சிப்பில்.

முதலில் எதைப் பார்ப்பது?

டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா? கூடுதல் ராம் கேளுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் 100% காட்டியபடியே நிற்கிறதா? எஸ்எஸ்டி கேளுங்கள். கோரிக்கையோடு அந்தத் திரையின் படத்தையும் அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

குறுக்கு வழி வேண்டாம்

பூட்டும் வேலையை எஸ்எஸ்டியிடமே விட்டால் வேகம் மிஞ்சுமே என்று தோன்றும். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட சில எஸ்எஸ்டிகளில் கடவுச்சொல் இல்லாமலே தரவை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். மறு ஆண்டே, புதிதாகப் பூட்டும் வட்டுகளுக்கு மென்பொருள் குறியாக்கத்தையே பிட்லாக்கரின் இயல்பு நிலையாக்கியது மைக்ரோசாஃப்ட்.

வேகத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது 48 இலக்க மீட்புச் சாவியைப் பற்றித்தான். லேப்டாப் அதைக் கேட்கும் நாளில் அது கையில் இல்லையென்றால் தரவும் தொலைந்த மாதிரிதான். யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள்.