பைப்புக்குள் சிக்கிய கேபிள்

போர்வெல்லிலிருந்து மோட்டார் ரூம் வரை 60 அடி. 14 மி.மீ. அகலத் தட்டைக் கேபிள் இரண்டு. 32 மி.மீ. பி.வி.சி. பைப்பில் பாதியிலேயே சிக்கிவிட்டது. எந்த அளவு வாங்கலாம்?
- வாசகர், திருச்செங்கோடு

இழுப்பதை நிறுத்துங்கள் ஐயா, மேலுறை கிழிந்துவிடும். 50 மி.மீ. பைப் வாங்குங்கள்.

தட்டைக் கேபிளின் தடிமனைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறோம். உள்ளே அது முறுக்கிக்கொள்ளும். அதனால் அகலத்தையே விட்டமாக எடுத்து, 14 மி.மீ. உருண்டைக் கேபிள் என்றே கணக்குப் போட வேண்டும். இரண்டு கேபிள் போனால் பைப்பின் உள்பரப்பில் 31 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறது அமெரிக்க மின்விதி. நமக்கும் நல்ல அளவுகோல். அதன்படி உள்விட்டமே 36 மி.மீ. வேண்டும். கடையில் 40 என்பது வெளிவிட்டம். சுவர் போக மிஞ்சுவது மட்டுமட்டு.

திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீள பெண்ட் போடுங்கள். கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள், அடுத்த முறை கேபிள் மாற்றும்போது கைகொடுக்கும்.